ஒளிமருந்து சிகிச்சைக்குப் பின் வெயிலைத் தவிர்க்கும் முறை

போர்ஃபிமர் சோடியம் என்னும் மருந்தை இரத்தநாளத்தில் ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் கழித்து 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியைக் கட்டியின்மீது பாய்ச்சும்போது, அங்கு உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் புற்றணுக்களை அழிக்கிறது. ஆனால் அம்மருந்து தோலில் குறைந்தது 30 நாள் தங்குவதால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்குத் திரும்புபவர் அதுவரை காலைப் பெரட்டுக்கும் (தோட்டத் தொழிலாளர் ஆள்கணக்கெடுப்பு) செம்பனை வேலைக்கும் போகக்கூடாது.

சன்ஸ்கிரீன் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், இம்மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஆகவே முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவை இன்றி வாசலைத் தாண்டக்கூடாது. ஜன்னலோர நாற்காலியும் வேண்டாம். அதற்காக இருட்டறையில் முடங்குவதும் தவறு: சாதாரண அறை வெளிச்சம் தோலில் மிஞ்சிய மருந்தை மெல்லச் சிதைக்கிறது.

30 நாள் கழிந்தபின், தோலில் மருந்து இன்னும் மிஞ்சியுள்ளதா என்று அறிய, காகிதப் பையில் 5 சென்டிமீட்டர் அகலத் துளையிட்டு, கையை அதனுள் விட்டு, 10 நிமிடம் வெயிலில் காட்டவும். முகத்தில் இச்சோதனை கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிவப்போ வீக்கமோ கொப்புளமோ தோன்றினால், மேலும் 2 வாரம் பொறுத்து மீண்டும் சோதிக்கவும்.