லூ சுன் கதைகளை ஓரத்திலிருந்து படியுங்கள்

சீன எழுத்தாளர் லூ சுன்னின் சிறுகதைகளைப் படிக்கும்போது நாயகனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஓரத்தில் நிற்பவர்கள் பேசும் வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். கதையின் விமர்சனம் பிடிபட நீண்ட முன்னுரை எதுவும் தேவைப்படாது.

காரணம், அவர் குற்றம் சாட்டுவது பெரும்பாலும் ஒரு தனி வில்லனை அல்ல, வேடிக்கை பார்க்கும் ஊரை. 1919-இல் வந்த ‘கோங் யீஜி’யில், கால் முறிக்கப்பட்டுத் தரையில் தேய்ந்தபடி வருபவனிடம் மதுக்கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்பது 19 காசு பாக்கியை! ‘புத்தாண்டுப் பலி’யில் (1924) வரும் லியூ மா இன்னும் கொடுமை. சைவம், உயிர்க்கொலை பாவம் என்பவள். அந்த வாயாலேயே, இருமுறை மணந்த விதவையிடம், “செத்த புருஷன்கள் ரெண்டு பேரும் உனக்காகச் சண்டை போடுவார்கள், எமன் உன்னை ரெண்டாக அறுத்துப் பங்கு வைப்பான்” என்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறாள். அதுதான் உறுத்துகிறது.

இன்னொரு சீன எழுத்தாளரான ஷென் சோங்வென்னின் ‘எல்லை நகரம்’ (1934) போன்ற கதைகளில் இந்த வழி பலிக்காது. அங்கே துணைப் பாத்திரங்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கோடிட்டால் ஊரின் ஈரம்தான் கிடைக்கும்.