கரிசல் காட்டில் ஒற்றை உழவு: நான் செய்கிற முறை

விளாத்திகுளத்துக்கு மேற்கே எங்களுக்கு 6 ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழைதான். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்தது இது: சித்திரையில் சட்டிக்கலப்பை, ஆடியிலும் ஆவணியிலும் மண்ணைக் கிளறுகிற கொத்துக் கலப்பை, விதைக்கிற நேரத்தில் ரொட்டவேட்டர். இப்போது 4 ஏக்கரில் ஒரே உழவுதான், அதுவும் 2 அங்குல ஆழத்துக்கு.

‘அகல உழுகிறதை ஆழ உழு’ என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் அவர் காலத்து மரக்கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. ஐந்தாறு விரல்கடை ஆழம் போனால் அதிகம். சட்டிக்கலப்பை அடிமண்ணைப் பெயர்த்து மேலே போடுகிறது, ரொட்டவேட்டர் அதை மாவாக்குகிறது. மாவான கரிசலில் பெருமழை விழுந்தால் மேல்மண் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடையில் கறுப்பாக ஓடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் ஊதி மூடி, தன்னைத்தானே கிளறிக்கொள்கிற மண் கரிசல். அதில் நாம் இத்தனை தடவை உழுவது பெரும்பாலும் களைக்காகத்தான். களைக்கு வேறு வழி செய்துவிட்டால் உழவு தானாகக் குறையும்.

முதலில் அடிமண் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். நல்ல மழை பெய்து மூன்றாம் நாள், விரல் பருமனுக்குக் குறைவான இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். காட்டில் பத்து இடத்திலாவது குத்த வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில், முக்கால் அடி போல, கம்பி முட்டி நின்றால் அங்கே தட்டு, அதாவது இறுகிப்போன அடிமண், விழுந்திருக்கிறது. வருஷா வருஷம் கலப்பை ஒரே ஆழத்தில் அழுத்தியதால் வந்தது. தட்டு இருந்தால் உழவைக் குறைக்கும் முன் கோடையில் ஒரு முறை உளிக்கலப்பை விடுங்கள், அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாமல் அடித்தட்டை மட்டும் கீறிவிடும்.

அடுத்தது மூடாக்கு, அதாவது அறுத்த பயிரின் சருகால் நிலத்தை மூடி வைப்பது. தை மாசம் சோளம் அறுக்கும்போது தரையோடு அறுக்காமல் ஒரு சாண் அடிக்கட்டை விடச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தட்டை வேண்டும், அதைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். சோகையும் தூரும் காட்டிலேயே கிடக்கட்டும். போதுமா என்று பார்க்க நான் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். 50 அடி நீளம், அடிக்கு ஒரு முடிச்சு. அதை வரிசைக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுக்கு நேர் கீழே சருகு கிடக்கிறதென்று எண்ணுவேன். 15 முடிச்சு இருந்தால் நூற்றுக்கு 30 பங்கு நிலம் மூடியிருக்கிறது. அதற்குக் குறைந்தால் மூடாக்கு என்று சொல்ல முடியாது. விதைப்புக்கு முன்னால் ஒரு தடவை எண்ணுங்கள், ஏனென்றால் கோடை முழுக்கக் கறையானும் ஆடும் தின்றிருக்கும்.

ஆட்டுக்கிடையை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, அந்த எரு எனக்கு வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் வேண்டாம் என்று கிடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுவேன். மண் ஈரமாக இருந்தால் ஓர் இரவுகூட விடமாட்டேன், குளம்பு அழுத்திய இடம் களிமண் செங்கல் மாதிரி ஆகிவிடும்.

அந்த ஒற்றை உழவு ஆவணியில். கோடை மழைக்கு முளைத்த துத்தியும் சாரணையும் பூக்கும் முன்னால், கத்தி பூட்டிய கலப்பையை மேலாக ஓட்டி வேரை அறுத்துவிட வேண்டும். சருகு மேலேயே கிடக்கும். பிறகு ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரத்தில் விதைப்பான் வைத்துப் புழுதி விதைப்பு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது. பழைய அடிக்கட்டை வரிசைக்கு இடையில் ஓட்டுங்கள். ஆழம் சரியாக 5 சென்டிமீட்டர். மேலே விழுந்த விதை சின்னத் தூறலுக்கே முளைத்துக் கருகிவிடும். 5 சென்டிமீட்டரில் இருப்பது 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால்தான் முளைக்கும். பொலபொலவென்று உழுத புழுதியைவிட உழாத மண்ணில் இந்த ஆழம் ஒரே சீராக நிற்கிறது.

நான் போடுவது கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 12 சோளம், ஊடுபயிராக உளுந்து. சோள விதையைக் கடினப்படுத்தித்தான் விதைப்பேன்: கிலோவுக்கு 350 மில்லி தண்ணீர், அதில் 7 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட், 6 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் பழைய ஈரத்துக்கே காயவைப்பது.

இனி களை. முதல் இரண்டு வருஷம் களைக்கூலி கூடத்தான் செய்யும், டீசலில் மிச்சப்பட்டது அதற்கே போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நான் முதல் வருஷம் 6 ஏக்கரையும் ஒரேயடியாக உழாமல் விட்டேன். மழை விடாமல் பிடித்துக்கொண்டது, களைக்கு ஆள் கிடைக்கவில்லை, பார்த்தீனியம் உளுந்துக்கு மேலே ஏறிவிட்டது. மூட்டைக் கணக்கில் கிடைக்க வேண்டிய உளுந்து மரக்கால் கணக்கில் கிடைத்தது. என் மகன் அன்று வீட்டில் பேசவே இல்லை. அதனால் சொல்கிறேன், ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். விதை முளைத்து 20ஆம் நாளுக்குள் முதல் களையை எடுத்துவிடுங்கள், எடுத்த களையை வரிசைக்கு இடையிலேயே போடுங்கள். உளுந்து படர்ந்துவிட்டால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

மக்காச்சோளம் போட்டுப் படைப்புழு விழுந்த காடாக இருந்தால் அந்தக் கோடையில் மட்டும் உழத்தான் வேண்டும். 2018-இல் அந்தப் புழு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் இதுதான் பெரிய கவலை. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும், அதை வெயிலுக்கும் பறவைக்கும் காட்ட வேண்டும். மறு வருஷம் சோளம், உளுந்து என்று பயிரை மாற்றிக்கொண்டு மறுபடி ஒற்றை உழவுக்குத் திரும்பலாம்.

மீதி 2 ஏக்கர் கீழக்காட்டில் கோரையும் அருகும் இருக்கின்றன. அவை கத்திக்கு அடங்காது, கிழங்கிலிருந்தும் தரையடித் தண்டிலிருந்தும் மறுபடி கிளம்பும். வருகிற சித்திரையில் அங்கே கிளறிக் கிழங்கையும் தண்டையும் பொறுக்கிக் காயப்போடப் போகிறோம். அதற்குப் பிறகுதான் கயிறும் கம்பியும் அந்தப் பக்கம் போகும்.