பிள்ளைகளைத் தோட்டத்தில் விளையாட விடும்போது நாம் செய்கிற தவறுகள்

மே மாத லீவு வந்ததும் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு "போய்த் தோட்டத்துல விளையாடு" என்று அனுப்புகிறோம், அரை மணி நேரத்தில் "போரடிக்குதும்மா" என்று திரும்பி வந்து நிற்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை எங்கள் வீட்டுக் கொல்லையில் விட்டு வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். விளையாட்டை நாம் நடத்தப் பார்க்கிறோம், தோட்டத்தைப் பத்திரமாக்கும் வேலையை விட்டுவிடுகிறோம். நம் வேலை இரண்டாவதுதான்.

முதலில் நேரம். அக்னி நட்சத்திர வெயிலில் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெளியே விடவே வேண்டாம். காலை 6.30 மணிக்கே இறக்கிவிடுங்கள், திண்ணையில் ஒரு சொம்பு மோர் இருக்கட்டும்.

அடுத்தது செடிகள். இதில்தான் நாம் ரொம்ப அசட்டையாக இருக்கிறோம். பூஜைக்குப் பூ வேண்டும் என்று வளர்க்கிற அரளியில் இலை, பூ, காய், விதை எல்லாமே விஷம், நேராக இதயத்துடிப்பையே பாதிக்கும். மஞ்சள் அரளியின் பச்சைக் காயைப் பிள்ளைகள் சோறாக்கி விளையாட எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறதே என்று குண்டுமணி கொடுப்பதும் அப்படித்தான், கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அதே ரகம். புளியங்கொட்டை கொடுங்கள், சோழி கொடுங்கள், ஆனால் எதையும் வாயில் போடுகிற வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம். ஏதாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை எல்லாம் கூடாது, அந்த இலையையோ விதையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சிமருந்தை பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூமில் வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஊஞ்சலுக்கு வருகிறேன். முருங்கையில் கயிறு கட்டாதீர்கள். கிளை பார்க்கத் தடியாக இருக்கும், ஆனால் சட்டென்று முறியும். என் அக்கா மகன் அப்படி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தான். வேம்பு, மா, புளி இவற்றில் பட்டுப்போகாத கிளையாகப் பார்த்துக் கட்டி, முதலில் ஒரு பெரியவர் தொங்கிப் பாருங்கள், கீழே சிமெண்ட் இல்லாமல் மண்ணாக இருக்கட்டும்.

டப்பில் தண்ணீர் நிரப்பி உட்காரவைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஆனால் தவழும் குழந்தை மூழ்க ஓரிரு அங்குலத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. போன் அடித்தது என்று உள்ளே போகாதீர்கள், போயே ஆக வேண்டும் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்ததும் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு டப்பைக் கவிழ்த்து வையுங்கள். சொப்பு வைத்து விளையாடிய சிரட்டைகளையும்தான், ஏனென்றால் தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும்.

சரி, இவ்வளவையும் பார்த்துவிட்டோம் என்றால் அப்புறம் விலகிக்கொள்ள வேண்டும். இது நமக்கு வரவே மாட்டேன் என்கிறது.

விதை போடச் சொல்லி குடைமிளகாயும் தக்காளியும் கொடுக்கிறோம், காய் பார்க்க இரண்டு மூன்று மாதம் எந்தப் பிள்ளை காத்திருக்கும்? வெந்தயம் கொடுங்கள், இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். என் மகள் ராத்திரி டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தாள். தட்டைப்பயறு மண்ணை முட்டிக்கொண்டு வளைந்து எழுவதையும் பார்க்கட்டும். முளைக்கீரை போட்டால் ஒரு மாதத்துக்குள் அவர்கள் பறித்த கீரையை அவர்களே மசித்துத் தின்பார்கள், கீரை என்றாலே ஓடுகிற என் மகன் தின்றான். ஆனால் அவர்கள் தூங்கும்போது நீங்கள் போய் அந்தப் பாத்தியை நேராக்கி, களை எடுத்து, பட்டுப்போன இடத்தில் வேறு நாற்று நட்டுவைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதோடு அது உங்கள் பாத்தியாகிவிடும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுவைப் பார்த்ததும் மருந்தடிப்பது இன்னொரு தவறு. பறவை எச்சம் மாதிரி இருக்கும் அந்தக் குட்டிப் புழு வளர்ந்து பச்சையாகும், குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பிறகு கூடாகி வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். நாலு கொத்து இலை போனால் போகட்டும். முருங்கையில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியை மட்டும் தொடக் கூடாது, அரிப்பு தாங்காது என்று காட்டிச் சொல்லிவையுங்கள்.

குழி தோண்டினால் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் வாழைக்குப் பக்கத்தில் ஒரு குழி மூன்று வாரம் கிணறாக, அடுப்பாக, பிள்ளையார் கோயில் குளமாக இருந்தது, நான் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. சகதியில் புரண்டால் குளிப்பாட்டிக்கொள்ளலாம். செருப்பு மட்டும் போடச் சொல்லுங்கள், கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.