தறிச் சத்தத்திலிருந்து தொடங்கலாம்: மாற்றுத்திறனாளிகளுக்கான இசைச் சிகிச்சையும் ஆற்றுப்படுத்துதலும்

சேலத்தில் இசைச் சிகிச்சை குறித்து விசாரிக்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஆட்டிசத்துக்கு எந்த ராகம், பக்கவாதத்துக்கு எந்த ராகம் என்பதைத்தான். மருந்துச் சீட்டைப் போல ராகப் பட்டியல் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வாரம் முழுவதும் எதையும் பாடாமல், எதையும் ஒலிக்கவிடாமல், சிகிச்சை பெறப்போகும் நபர் ஏற்கெனவே எந்த ஒலிகளோடு வாழ்கிறார் என்பதைக் கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த ஒலிக்குத் தலை திரும்புகிறது, எதற்குக் காதைப் பொத்திக்கொள்கிறார், தாமாக எழுப்பும் ஒலி எது, உடலை ஆட்டினால் எந்த வேகத்தில் ஆட்டுகிறார் ஆகிய நான்கும் போதும். சேலத்தின் அம்மாப்பேட்டைப் பகுதியிலோ குகைப் பகுதியிலோ தறி ஓடும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சத்தமே தாலாட்டாக இருந்திருக்கலாம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு அருகே வளர்ந்தவருக்குச் சுத்தியல் ஒலி பழகியிருக்கலாம்.

இரண்டாம் வாரத்தில் தொடங்குங்கள். ஒரே இடம், ஒரே நேரம், பதினைந்து நிமிடம். குழந்தையின் பெயரை வைத்து ஒரு வரியைத் தொடக்கப் பாட்டாகவும், வேறொரு வரியை முடிவுப் பாட்டாகவும் வைத்துக்கொண்டால், எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது அதற்குப் பிடிபட்டுவிடும். குழந்தை வேகமாக ஆடிக்கொண்டிருந்தால், அமைதியான பாட்டைப் போட்டு அதை அடக்க முயலாமல், அதே வேகத்தில் பிளாஸ்டிக் குடத்தையோ மணைப்பலகையையோ தட்டுங்கள். இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்தபின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அவர் நிற்கும் இடத்துக்கு நாம் முதலில் போக வேண்டும் என்ற இந்த வழியை 1940களில் இரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கினார். பழகிய பாட்டின் ஒரு வரியைப் பாடிக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பத்து வினாடி காத்திருப்பது அடுத்த படி. பார்வையோ, ஒரு முனகலோ, விரல் அசைவோ வந்தால் அதையே விடையாக ஏற்றுக்கொண்டு வரியை முடித்து, குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து வினாடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் கடினமாக இருக்கும்.

தேவைக்கேற்ப முறை மாறும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வாங்கிவரும் கருவி பல நேரம் கைக்குப் பிடிபடாமல் மூலையில் கிடக்கும். காலில் ஏற்கெனவே கிடக்கும் சேலத்துக் கொலுசைவிட அதற்குப் பொருத்தமான கருவி எது? காலை அசைத்தால் ஒலி வருகிறது என்று தெரிந்துவிட்டால், அசைக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது; மணிகள் கழன்று வாய்க்குள் போகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செவித்திறன் குறைந்த குழந்தையின் கையில் ஊதிய பலூனைக் கொடுத்து, அதன் அருகே நீங்கள் பாடினால், அதிர்வு உள்ளங்கையில் தெரியும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் சிலர் பேச முடியாமலேயே பாடுவார்கள். அதைப் பயன்படுத்தி, ‘தண்ணி வேணும்’ போன்ற தொடரை ஏற்ற இறக்கமான இரண்டு சுரங்களில் பாடியபடியே இடது கையால் தட்டவைக்கும் பயிற்சி 1973இல் பாஸ்டனில் உருவானது. இதைப் பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டுதலோடுதான் செய்ய வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு, அவர் ஒரு நிமிடத்தில் இயல்பாக எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, அந்த வேகத்தில் தாளம் தட்டி நடக்கவைக்கலாம். விழுந்துவிடாமல் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

ஆட்டிசத்தை இசையால் குணப்படுத்துவதாகச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 9 நாடுகளில் 364 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும் சமூக உறவு சார்ந்த அறிகுறிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சேர்ந்து கவனிப்பதையும், முறை வைத்து ஒலிப்பதையும், மகிழ்ச்சியையும் எதிர்பார்க்கலாம். மருந்தை நிறுத்த இது காரணமாகாது. அரிதாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டும் என்பதால், வலிப்பு உள்ளவருக்கு முதலில் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். ஒலி தாங்காத குழந்தையை ஆடித் திருவிழாவில் பம்பைக்கு அருகே நிறுத்திப் பழக்கப்படுத்த முயல வேண்டாம். ஏற்காட்டின் அமைதியில் பயிற்சியை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் முந்தைய நாளே மேலே போய்விடுவது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வந்த குழந்தையிடம் அன்று எந்தத் தாளமும் எடுபடாது.

ஆற்றுப்படுத்துதலை, அதாவது மனநல ஆலோசனையை, குழந்தைக்கு முன்பாகப் பெற்றோரிடமிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. தூக்கமின்றி, உறவினரின் பேச்சுக்கு அஞ்சி, யார்மேல் குற்றம் என்று தம்பதியர் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பத்து வினாடி காத்திருப்பு நடக்காது. கவனிப்பில் பின்தள்ளப்பட்ட அண்ணனுக்கோ தங்கைக்கோ தனியாக ஓர் அமர்வு கேட்டு வாங்குங்கள். வயது வந்த மாற்றுத்திறனாளி என்றால், ஆற்றுப்படுத்துநர் அம்மாவிடம் கேட்காமல் நேரடியாக அவரிடமே கேட்க வேண்டும்: சிறிய வாக்கியம், இரண்டு தெரிவுகள், தேவைப்பட்டால் படஅட்டை. இந்திய மறுவாழ்வு மன்றம் பதிவு செய்யும் வகைகளில் மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் உண்டு, இசைச் சிகிச்சையாளர் என்ற வகை இல்லை. ஆகவே இசைச் சிகிச்சையாளரிடம் எங்கே, எவ்வளவு காலம் படித்தார், யாருடைய மேற்பார்வையில் பணியாற்றினார், இலக்கை எழுதித் தருவாரா என்று கேளுங்கள். இரவில் மனம் தாளாதபோது, கட்டணமில்லா மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

எட்டு வாரம் கழித்து அதே குறிப்பேட்டைத் திறந்து, நிறுத்திய வரிக்குப் பாடத் தொடங்கிய வாரத்தில் எத்தனை முறை விடை வந்தது, இப்போது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையோடு அடுத்த அமர்வுக்குப் போங்கள்.