சாங்கியில் 13 மணி நேரம்: பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு

மகள் மெல்போர்னில், நான் திருச்சியில், நடுவில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். இதுவரை ஐந்து தடவை போய்வந்தாயிற்று. டிக்கெட் விலை குறையக் குறைய நடுவில் காத்திருக்கும் நேரம் நீளும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரம். அதிகபட்சமாக 13 மணி நேரம் இருந்திருக்கிறோம்: காலை ஏழேகாலுக்கு இறங்கி, இரவு எட்டேகாலுக்கு அடுத்த விமானம். எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். கிளம்பும் வாரம் வந்தால் அவர்களுடைய அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, "அக்கா, அவ்வளவு நேரம் அங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். வாசலில் நின்று நாலு தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டிக்கெட்டில் ஆரம்பிக்கிறேன். திருச்சி–சிங்கப்பூர், சிங்கப்பூர்–மெல்போர்ன் இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக எடுத்தால் சில சமயம் ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகும். ஆனால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதை எடுக்க நீங்கள் குடிநுழைவை, அதாவது இமிக்ரேஷனை, தாண்டி வெளியே போக வேண்டும், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைக் கோட்டை விட்டால், அந்தக் காசு போனதுதான். அறுபது வயதுக்கு மேல் இந்த வீரம் வேண்டாம்.

ஒரே பி.என்.ஆர். என்றாலும் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் படிக்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். நான் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்ஸில் 31 வருடம் தபால் பிரித்தவள். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கண் முதலில் முகவரிக்குத்தான் போகும். இரண்டாவது பயணத்தில் எங்கள் இரண்டு பெட்டிகளும் பெல்ட்டில் ஏறுகின்றன. ஒன்றில் எம்.ஈ.எல். என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, அது மெல்போர்ன். மற்றதில் எஸ்.ஐ.என். மட்டும்தான் இருக்கிறது. "ஏம்மா, ஊறுகாய் இருக்கிற பெட்டி மட்டும் சிங்கப்பூர்ல இறங்கிக்குமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துப் புதிதாக ஒட்டினாள். ஐந்து நொடிப் பார்வை. கையில் தரும் சிறிய துண்டிலும் அதே எழுத்து இருக்கும், அதைப் பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு போர்டிங் பாஸையும் திருச்சியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தரவில்லை என்றால் சாங்கியில் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் வாங்க வேண்டும், அது இறங்கியதும் முதல் வேலை.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்? மருந்து முழுவதும், டாக்டர் சீட்டோடு. ஒரு சால்வை, சாங்கியில் ஏசி நம் எலும்பை விசாரிக்கும். ஒரு மாற்றுச் சட்டை, துண்டு, பல் துலக்கும் சாமான், காலித் தண்ணீர் பாட்டில். அப்புறம் இட்லி. மிளகாய்ப்பொடி, எண்ணெய் தடவி, வாழையிலையில் சுற்றிப் பன்னிரண்டு இட்லி. சட்னி வேண்டாம், 100 மில்லிக்கு மேல் குழம்பு மாதிரி எதையும் பாதுகாப்புச் சோதனையில் விட மாட்டார்கள். இட்லியைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் உணவுப் பொருள் விஷயத்தில் ரொம்பக் கறார். எது இருந்தாலும் அங்கே இறங்கும்போது தரும் அட்டையில் எழுதிக்கொடுக்க வேண்டும், மறைத்தால் அபராதம். மிஞ்சிய இரண்டு இட்லிக்காக வரிசையில் நின்று வாக்குமூலம் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அதனால் என் கைக்கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, மாத்திரைக்கு அதுதான் கணக்கு. செல்போன் தானாகச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறிவிடும், விமானத்துக்கு அது.

சரி, இறங்கியாயிற்று. எல்லோரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். கண்ணாடிக் கடைகளையும் விளக்குகளையும் பார்த்ததும் சுற்ற ஆரம்பித்து, பதினோரு மணிக்கெல்லாம் கால் வீங்கி ஒரு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒன்பது மணி நேரம் அந்த நாற்காலிதான். முதல் ஒன்றரை மணி நேரம் உடம்புக்கு. கழிப்பறையில் பல் துலக்கி, முகம் கழுவி, சட்டை மாற்றுங்கள். குளிக்காமல் இருக்க முடியாது என்றால் காசு கட்டிக் குளிக்கும் லவுஞ்சுகள் உள்ளேயே உண்டு. தண்ணீர் பிடிக்கும் குழாய் அங்கங்கே இருக்கிறது, பாட்டிலை நிரப்பிக்கொண்டு சாப்பிடுங்கள். பிறகு கால் நீட்டிப் படுக்கும் நாற்காலிகள் இருக்கும் ஓய்விடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் கண்ணை மூடுங்கள். பையின் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். அலாரம் கட்டாயம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஹோட்டல் அறைகளும் உள்ளேயே இருக்கின்றன. இரவு முழுக்கத் தங்க வேண்டி வந்தால் அதற்குச் செலவு செய்வது தப்பே இல்லை. பகலில் வீண்.

தூங்கி எழுந்த பிறகு கணக்குப் போடுங்கள், பின்னாலிருந்து. விமானம் 8.15. விமானம் ஏறும் கேட்டுக்கு 7 மணிக்குள் போய்விட வேண்டும். ஊருக்குள் போவதாக இருந்தால் 5 மணிக்கே விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் என்றால் 4 மணிக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். இப்போது மணி 10 என்றால் கையில் இருப்பது போகவர நேரம் போக ஐந்து மணி நேரம். ஏழு மணி நேரத்துக்குக் குறைவான காத்திருப்பு என்றால் நான் வெளியே போக மாட்டேன்.

வெளியே போக முடியுமா என்பதே தனிக் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இவற்றில் ஒன்றின் விசா இருந்து, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கினால், விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த விசா சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், அடுத்த டிக்கெட் கையில் இருக்க வேண்டும், கடைசி முடிவு அதிகாரியுடையது. ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவதில்லை, மின்னஞ்சலில் வரும் கடிதம்தான். அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஒரு தடவை திரும்பும்போது எங்கள் விசா முடிய மூன்று வாரம்தான் இருந்தது. முயற்சி செய்யாமல் உள்ளேயே இருந்துவிட்டோம். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் பிள்ளைகளை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வெளியே போகிறவர்கள் சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்டால் நீங்கள் தப்பான தளத்தில் இருக்கிறீர்கள்.

குடிநுழைவு என்ற சொல்லை நான் கற்றதே அங்கேதான். நாம் இமிக்ரேஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் எம்.ஆர்.டி.யைப் பெருவிரைவு ரயில் என்கிறார்கள், ஹாக்கர் சென்டரை உணவங்காடி நிலையம் என்கிறார்கள். ரயில் பெட்டிக்குள் நாலு மொழி அறிவிப்பில் நம் எழுத்தைப் பார்த்தபோது எங்க வீட்டுக்காரர் அதைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் இருந்த சீனப் பையன் சிரித்தான்.

அந்த ரயில்தான் சுலபம். நிலையம் இரண்டாவது, மூன்றாவது முனையங்களுக்கு அடியில். டிக்கெட் வாங்க வேண்டாம், விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு என்று போட்ட வங்கி கார்டைக் கதவில் தட்டினால் போதும். ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒன்றை வைத்து இரண்டு பேர் நுழைய முடியாது. வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கியில் முன்பே திறந்து வையுங்கள். முதல் நிறுத்தம் எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட.

லிட்டில் இந்தியாவில் மேலே ஏறினால் தேக்கா சந்தை. முருங்கைக்காய், வாழைப்பூ, பக்கத்திலேயே மீன், அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள். "திருச்சியிலேர்ந்து திருச்சிக்கு வரவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாத மனிதருக்குத் தெரிந்த சாப்பாடு பெரிய விஷயம். சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸில் சாப்பிட்டுவிட்டு, வீரமாகாளியம்மன் கோயில் வரை நடந்தோம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் கோயில், பிறகு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் விமான நிலையமே நடத்தும் இலவசச் சுற்றுலா உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பவர்களுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்கள். உள்ளே நுழையும் தகுதி இதற்கும் வேண்டும்.

ஜுவல் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2019இல் திறந்த அந்தக் கண்ணாடிக் கூடமும் 40 மீட்டர் அருவியும் குடிநுழைவுக்கு வெளியே இருக்கின்றன. வாட்சப்பில் படம் பார்த்துவிட்டு உள்ளே தேடி அலையாதீர்கள். விடிகாலையில் போனால் அருவி விழாது, காலை பத்து, பதினொன்றுக்கு மேல்தான் திறப்பார்கள்.

உள்ளேயே இருப்பவர்கள் மனம் சுருங்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் சாங்கியில் அழகானது மூன்றாவது முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம்தான். இரட்டைக் கதவைத் தள்ளியதும் ஏசி போய் ஐப்பசி மாதப் புழுக்கம் முகத்தில் அடிக்கும். அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அன்னாசித் துண்டில் நாலைந்து பூச்சிகள் இறக்கையை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஒன்று வெடித்து, கசங்கிய கர்ச்சீப் மாதிரி வெளியே வந்து, இறக்கை விரியும் வரை நாங்கள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். பார்த்து முடித்ததும் அவர் சொன்னது: "இதுக்கும் வெயிட்டிங்தான்."

முனையம் ஒன்றின் மாடியில் கள்ளித் தோட்டம். நம்மூர் வேலியில் கிடக்கும் சப்பாத்திக்கள்ளிக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். சிரித்துவிட்டு அங்கேயே அரை மணி நேரம் வெயிலில் உட்காருங்கள், ராத்திரி விழித்த உடம்பு தெளியும். மூன்றாவது முனையத்தில் இலவசத் திரையரங்கும் இருக்கிறது. இருட்டாக இருப்பதால் அங்கே பாதிப் பேர் தூங்குகிறார்கள். முனையத்துக்கு முனையம் ஸ்கைட்ரெயின் போகும். நாலாவதுக்கு மட்டும் பஸ்.

முழங்கால் வலிக்காரர்கள் சக்கர நாற்காலி கேட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் வேறொரு ஊர் விமான நிலையத்தில் அப்படிக் கேட்டதற்கு ஆறு மணி நேரம் எங்களை ஒரு மூலையில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் போக ஆள் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, விமானத்தை விட்டு இறங்கியதுமே சொல்லிவிடுகிறேன்: "இப்போ நாற்காலி வேண்டாம், நாங்களே நடந்துக்கிறோம். கேட்டுக்குப் போக மட்டும் இத்தனை மணிக்கு வாங்க." நேரத்தையும் இடத்தையும் அவர்கள் தாளில் எழுதும்வரை நகர்வதில்லை.

கடைசியாக, விமானம் ஏறும் கேட். முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை கேட்டின் வாசலில்தான் நடக்கிறது. நிரப்பிய பாட்டிலை அங்கே காலி செய்ய வேண்டும். சில கேட்களில் சோதனையைத் தாண்டி உள்ளே போனால் கழிப்பறையும் கிடையாது. அதனால் முதலில் கழிப்பறை, பிறகு பாட்டிலைக் கவிழ்ப்பது, பிறகு வரிசை. போன தடவை இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர், தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று முழு லிட்டரையும் நின்ற இடத்தில் குடித்து முடித்தார். விமானம் ஏற இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.