தூர்வில், டர்வில்: பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பங்கள்

கி.பி. 911-இல் ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்குப் பிரெஞ்சு அரசன் சேன் ஆற்றை ஒட்டிய நிலத்தைக் கொடுத்தான். அங்கே குடியேறியவர்களின் நார்ஸ் மொழி (பழைய ஸ்காண்டிநேவிய மொழி), வட பிரான்ஸின் நார்மண்டி ஊர்ப்பெயர்களில் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது. அதற்காக 'வில்' என்று முடிகிற எல்லா ஊரையும் வைக்கிங் கணக்கில் எழுதக்கூடாது. 'வில்' லத்தீனின் 'வில்லா', அதாவது பண்ணை. நார்ஸ் இருந்தால் முன்பாதியில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆள்பெயராக. தூர்வில் என்பது தோரி போன்ற பெயருள்ள ஒருவனின் பண்ணை. பிரெஞ்சில் 'தூர்' கோபுரம் என்பதால் 'கோபுரத்தூர்' என்று பொருள் சொல்வது தவறு. தோர் என்ற நார்ஸ் தெய்வத்தின் ஊர் என்பதும் தவறு: தெய்வத்தின் பெயர் ஆளின் பெயருக்குள் இருக்கிறது, ஊர்ப்பெயருக்கு நேராக வரவில்லை.

அடுத்து, எந்த தூர்வில்? பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தூர்வில் பிரபு (1642–1701) 1690-இல் பீச்சி ஹெட் போரில் வென்றவர். அவருடைய குடும்பத்தின் ஊர் மான்ஷ் மாவட்டத்துத் தூர்வில்-சுர்-சியென். ஆனால் தூர்வில்-சுர்-ஓதோன் கால்வதோஸில், தூர்வில்-லா-கம்பாஞ் யூரில், தூர்வில்-லா-ரிவியேர் சேன்-மாரித்தீமில் இருக்கின்றன. பின்னொட்டையும் மாவட்டத்தையும் விட்டுவிட்டு 'தூர்வில்' என்று மட்டும் குறித்துக்கொண்டால், வேறு ஊரின் வரலாற்றை இவர் தலையில் கட்டிவிடுவோம்.

பெரிய பொறி இங்கிலாந்தில் இருக்கிறது. பக்கிங்காம்ஷயரில் டர்வில் என்று ஒரு சிற்றூர். எழுத்தைப் பார்த்தால் நார்மன்கள், அதாவது நார்மண்டிக்காரர்கள், வைத்த பெயர் மாதிரியே தெரியும். 796-ஆம் ஆண்டு ஆவணத்திலோ அது 'திரெஃபெல்ட்': பழைய ஆங்கிலத்தில் வறண்ட வெளி. நார்மன்கள் இங்கிலாந்தில் கரையிறங்க அப்போது இன்னும் 270 ஆண்டுகள் இருந்தன. 'ஃபெல்ட்' பின்னாளில் 'வில்' என்று திரிந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரின் என்வில்லும் அதே ரகம். 1086 நிலக்கணக்கில் அது 'எஃப்னெஃபெல்ட்'.

அதே பக்கிங்காம்ஷயரில் வெஸ்டன் டர்வில் என்று இன்னோர் ஊர். அங்கே 'டர்வில்' உண்மையில் நார்மன்தான், ஆனால் ஊரின் பெயரல்ல. அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். 'வெஸ்டன்' அதற்கு முந்தைய ஆங்கிலப் பெயர், மேற்குப் பண்ணை. ஒரே மாவட்டம், ஒரே எழுத்து, இரண்டு வேர். ஆகவே இன்றைய எழுத்தை நம்பாமல், கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை ஆண்டோடு எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆள்களின் விஷயத்தில் இன்னொரு சறுக்கல்: நார்ஸ் வேருள்ள குடும்பப்பெயர் எல்லாம் ஊரிலிருந்து வந்ததாக நினைப்பது. அங்கெதில் என்பது 'ஆஸ்கெதில்' என்ற நார்ஸ் ஆள்பெயர். முன்னோர் ஒருவரின் பெயரே குடும்பப்பெயரானது. அப்படிப்பட்ட பெயர் ஒரே நேரத்தில் பல வீடுகளில் முளைக்கும். 1755-இல் புதுச்சேரியில் வந்திறங்கி, பிறகு பார்சிகளின் புனித நூலான அவெஸ்தாவைப் பிரெஞ்சில் தந்த அங்கெதில்-துப்பெரோனையும், ஐந்து முறை தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்ற சைக்கிள் வீரர் ழாக் அங்கெதிலையும் இந்தப் பெயரை மட்டும் வைத்து உறவாக்க முடியாது.

தமிழில் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். பிரெஞ்சு ஊரையும் ஆங்கில ஊரையும் 'டூர்வில்' என்றே எழுதினால், மூலத்தில் (Tourville, Turville) ஓரெழுத்தாவது காட்டிக்கொடுத்த வேறுபாடும் மறைந்துவிடும். பிரெஞ்சுக்குத் தூர்வில், ஆங்கிலத்துக்கு டர்வில் என்று பிரித்தே எழுதுங்கள்.