தாய்மையை வரைய உட்காரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு தாய்மார்கள் சேர்ந்து வரைகிறோம். பலரும் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, இப்போது தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டவர்கள். பிள்ளை பெற்ற பிறகு தூரிகை பிடிப்பவர்கள் முதலில் வரைவது பெரும்பாலும் ஒரே படம்தான்: மஞ்சள் வெளிச்சம், குனிந்த முகம், மடியில் தூங்கும் குழந்தை. நானும் அதைத்தான் வரைந்தேன். முகம் காலண்டர் யசோதையின் முகமாக வந்தது. மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத என் முகம் அதில் எங்கேயும் இல்லை. மற்ற தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

பிரான்ஸ் ஓவியர் பெர்த் மொரிசோ 1872-ல் வரைந்த 'தொட்டில்' ஓவியத்தை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவேன். தொட்டிலருகே உட்கார்ந்திருப்பவர் அவருடைய அக்கா எட்மா. அவரும் ஓவியர்தான், இருவரும் சேர்ந்தே கற்றவர்கள். 1869-ல் கல்யாணமான பிறகு எட்மா வரைவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஒரு கையில் தலையைத் தாங்கி, மறு கையால் தொட்டில் திரையைப் பிடித்திருக்கிறார். அந்தப் பார்வையில் பாசம் இருக்கிறது. களைப்பா ஏக்கமா என்று சொல்ல முடியாத வேறொன்றும் இருக்கிறது. அந்த 'வேறொன்றை' அழித்துவிடாதீர்கள்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவது அடுத்த தவறு. அதில் பிள்ளை இருக்கும், எடுத்த அம்மா இருக்க மாட்டார். கண்ணாடி முன் உட்காருங்கள். அப்புறம் நிறம். 'சதை நிறம்' என்று டியூபில் விற்பது பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நம் தோலுக்கு ஒட்டாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் காவி, கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் கலந்து பாருங்கள். நிழலுக்குக் கறுப்பை அப்பினால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் போதும். மெல்லப் பூசினால் அரை மணிக்குள் காய்ந்துவிடும். தூரிகை கழுவிய தண்ணீர் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) மாதிரியே இருக்கும், பிள்ளை எடுத்துக் குடித்துவிடலாம். அதனால் டீ குவளையில் வைக்காமல், ரப்பர் மரத்துப் பால் பிடிக்கும் பழைய மங்கில் ஊற்றி எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.

"பிள்ளை பெரிசாகட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். இன்று உடம்புக்குத் தெரிவது அடுத்த வருடம் மறந்துவிடும். இருபது நிமிடம் கிடைத்தாலும் வரைந்து, பின்பக்கம் தேதி போடுங்கள்.

கருவை இழந்தவர்கள், தங்களுக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்வதையும் பார்க்கிறேன். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1932-ல் அமெரிக்காவின் டெட்ராயிட்டில் கருவை இழந்தபின், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் தன்னையே வரைந்தார். அதுவும் தாய்மையின் படம்தான். வாங்க, உட்காருங்க.

இன்னொன்று, படத்துக்கு மேல் விளக்கம் எழுதுவது. எங்களில் ஒருவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளியின் மகள், ஆபரேஷனில் பிள்ளை பெற்றவர். தன் வயிற்றுத் தழும்பையும் பக்கத்தில் ஒரு ரப்பர் மரத்தையும் வரைந்தார். மரத்தின் வெட்டுக்கோட்டை முதலில் தழும்பைப் போலவே படுக்கையாகப் போட்டுவிட்டு, நினைவு வந்தவராய் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சாய்த்துத் திருத்தினார். கீழே ஒரு மங்கு. 'தாய்மை' என்று எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் அவர் அம்மா வந்து பார்த்தார். மரத்துக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இவ்வளவு ஆழமா வெட்டக் கூடாது பிள்ளே, கட்டையில பட்டுட்டா பட்டை ஒழுங்கா வளராது" என்றார். மகள் மரத்துக் கோட்டை மட்டும் மெல்லிதாக்கினார். வயிற்றுக் கோட்டைத் தொடவில்லை.